ஒரே கல்லூரி, மூன்று முத்திரை

கேள்வி: என் அப்பா பாளையங்கோட்டையில் 1964-ல் பி.ஏ. முடித்தார், சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. அதே கல்லூரியில் 1987-ல் படித்த எனக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம். என் மகனுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில் ‘இது தனியாரா?’ என்று கேட்டிருக்கிறார்கள். பையன் முழித்துவிட்டு வந்திருக்கிறான். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: தம்பி, ‘சட்டமன்றம் சட்டம் போட்டு உண்டாக்கிய அரசுப் பல்கலைக்கழகம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சட்டம் 1990-ல் வந்தது. அதுவரை நம் பக்கத்துக் கல்லூரிகள் மதுரையோடு இருந்தன. 1966-ல் மதுரையில் பல்கலைக்கழகம் வரும் முன்பு சென்னையோடு. உங்கள் வீட்டு மூன்று தாளும் அந்த வரலாறுதான்.

நான் அப்போது ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். புதுப் பெயருக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கடைக்குப் போனேன். ‘மனோன்மணியம் சுந்தரனார்’ ஒரு வரியில் அடங்கவில்லை; இரண்டு வரியாக வெட்டிக் கொடுத்தார் கடைக்காரர். முதல் தாளில் அதைக் குத்தியபோது மை காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் முடிக்க வேண்டிய வேலையெல்லாம் இனி நெல்லையிலேயே முடியும் என்ற சந்தோஷம்.

கல்லூரி பாடம் நடத்தும். பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம் 1956-ன் 22-வது பிரிவு இதைக் கறாராகச் சொல்கிறது: நாடாளுமன்றமோ சட்டமன்றமோ போட்ட சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவைதான் பட்டம் தரலாம். சட்டம் மட்டும் இருந்தாலும் போதாது. சத்தீஸ்கரில் 2002-ல் ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன; சில ஓர் அறைக்குள் நடந்தன. 2005-ல் உச்ச நீதிமன்றம் அவற்றை உண்டாக்கிய பிரிவுகளையே ரத்து செய்தது. ஆகவே பெங்களூர்க்காரர் கேட்டதில் தப்பில்லை. நம் பையனுக்குப் பதில் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். மூன்று வருஷம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் சொல்லிக் கொடுக்க எந்தக் கல்லூரியாலும் முடியும்.

கேள்வி: பட்டமளிப்பு விழாவில் நடுவே ஆளுநர் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் பல்கலைக்கழகத்தை நடத்துவது அவரா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: ஆளுநர் பதவி வழியில் வேந்தர். உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். அன்றாடம் பொறுப்பில் இருப்பவர் துணைவேந்தர். பதவிக்காலம் 3 ஆண்டு. அவரை யார் நியமிப்பது என்பதில் அரசுக்கும் ஆளுநருக்கும் உள்ள தகராறு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அது பெரிய இடத்து விவகாரம், விடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது சிண்டிகேட், அதாவது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு. பணம், நியமனம் எல்லாம் முடிவாவது அந்த மேசையில். அங்கே என்ன முடிவானது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டமன்றச் சட்டத்தால் அமைந்ததால் தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி பல்கலைக்கழகமும் பொது அதிகார அமைப்புதான். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில், எந்த மாதத்துக் கூட்டம், எந்தத் தீர்மானத்தின் நகல் என்று குறிப்பாக எழுதுங்கள். 10 ரூபாய் கட்டணம் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு என்று வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.