தயாரிப்பாளருக்கு யார் சொல்லித்தருவது?

அன்புள்ள சார்,

விருதுநகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 29. முழுநீளப் படத்துக்கான திரைக்கதை ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன், 138 பக்கம். சென்னையில் யாரையும் தெரியாது. உதவி இயக்குநராகச் சேர முயன்று நடக்கவில்லை. என்.எஃப்.டி.சி. (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்தும் திரைக்கதைப் பட்டறை போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாமா? ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்குமா? இணையத்தில் நடக்கும் கட்டண வகுப்புகள் பயன்படுமா? எனக்கு ஒரு குரு அவசியம் என்று தோன்றுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது? கதையைத் திருடிவிடுவார்கள் என்கிறார்களே? வேலையை விட்டுவிட்டு வந்தால்தான் நடக்குமா? தயாரிப்பாளர் பிரச்சினை இல்லை. என் பள்ளித் தோழன் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறான். அவன் பணம் போடுவான். திரைக்கதையை இணைத்திருக்கிறேன்.

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

கடிதம் முழுக்கக் கேள்விக்குறிகள். ஆனால் என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது நீங்கள் கேள்விக்குறி போடாமல் தாண்டிப்போன ஒரு வரி: ‘அவன் பணம் போடுவான்.’ கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுவோம். வேலையை விடாதீர்கள். திருட்டு பயம் இருந்தால் எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவைக்க வழி இருக்கிறது, பதிந்துவிட்டு மறந்துவிடுங்கள். இந்த ஊரில் ஒரு ஸ்கிரிப்ட்டை முழுசாக உட்கார்ந்து வாசிக்கவே ஆளில்லை. திருட வேண்டுமென்றாலும் முதலில் வாசிக்க வேண்டுமே! கட்டண வகுப்புகள்மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. முதல் அங்கம் எத்தனையாவது பக்கத்தில் முடிய வேண்டும், இடைவேளையில் எதைத் திருப்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். அரை நாளில் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதி. அதற்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கலாமா என்பது உங்கள் பாடு.

குரு விஷயம். தமிழ் சினிமாவில் குருகுலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன் என்று நேர்கோடாகவே வருகிறது. பாலுமகேந்திராவிடமிருந்து பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று ஒரு பட்டாளமே வந்தது. ஆனால் இந்தக் குருகுலத்தில் என்ன கற்கிறார்கள்? கிளாப் அடிப்பது, கண்டினியூட்டி எழுதுவது, நடிகருக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது, பேட்டாவுக்காக மேனேஜர் முன்னால் நிற்பது. அதோடு, கண்ணைத் திறந்து வைத்திருந்தால், டைரக்‌ஷன். எழுத்து தனியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். 2009இல் கலைஞர் தொலைக்காட்சி இன்னொரு வாசலைத் திறந்தது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் அதன் வழியாகத்தான் வந்தார்கள். அந்தக் குறும்படப் போட்டி நிகழ்ச்சிக்குப் பெயர் ‘நாளைய இயக்குநர்’. ‘நாளைய தயாரிப்பாளர்’ என்று ஒரு நிகழ்ச்சியை இங்கே யாராவது கற்பனை செய்திருப்பார்களா? அந்த இருவரின் முதல் படங்களான ‘பீட்சா’வையும் ‘சூது கவ்வும்’ படத்தையும் எடுத்தவர் ஒரே ஆள், சி.வி.குமார். அதற்கு முன் பா.ரஞ்சித்தின் முதல் படமும் அவர் தயாரிப்புதான். இயக்குநர்கள் எப்படி உருவானார்கள் என்று மணிக்கணக்கில் பேட்டி எடுக்கிறோம். அந்தக் கதைகளை அவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று எத்தனை பேர் கேட்டோம்?

பட்டறைக்கு வருகிறேன். ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981இல் அமெரிக்காவின் யூட்டா மலையில் சன்டான்ஸ் பட்டறையைத் தொடங்கினார். நம் என்.எஃப்.டி.சி.யின் பட்டறை 2007இல் தொடங்கியது. அங்கே ஏதோ மந்திரம் கற்றுத்தருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள். நடப்பது இவ்வளவுதான். உங்கள் ஸ்கிரிப்ட்டை முழுசாக வாசித்த ஒருவர் எதிரே உட்காருகிறார். ‘இந்தப் பெண் ஏன் அந்தக் கதவைத் திறக்கிறாள்?’ என்று கேட்கிறார். நீங்கள் சொல்லும் பதில் அவருக்குப் போதவில்லை. மறுபடியும் கேட்கிறார். நீங்கள் அறைக்குப் போய்த் திருத்தி எழுதுகிறீர்கள். பிறகு இன்னொருவர், இன்னொரு கேள்வி.

ரித்தேஷ் பத்ராவின் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ இப்படி ஒரு பட்டறையைத் தாண்டி வந்த கதை. 2013இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. அதைப் பட்டறையின் வெற்றியாகவே எல்லோரும் பேசுகிறார்கள். இந்தியா, பிரான்ஸ், ஜெர்மனி என்று பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து தயாரித்த படம் அது. மும்பை டப்பாவாலாக்களையும் ஓய்வு பெறப்போகும் குமாஸ்தா ஒருவரையும் பற்றிய கதைக்கு ஐரோப்பாவில் கூட்டாளி பிடித்தது யார்? குனீத் மோங்கா போன்ற தயாரிப்பாளர்கள். பட்டறையில் கதை எவ்வளவு மெருகேறினாலும் இப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பெட்டியில்தான் கிடக்கும்.

இன்னும் நல்ல உதாரணம் ‘கோர்ட்’ என்ற மராத்திப் படம். அதை இயக்கிய சைதன்ய தம்ஹானேயிடம் அப்போது முழுநீளப் படம் எதுவும் இல்லை. விவேக் கோம்பர் நடிகர். சைதன்யாவின் நாடகத்தில் நடித்த பழக்கம். படம் தயாரித்த அனுபவம் அவருக்குக் கிடையாது. அவர் செய்த முதல் காரியம், சைதன்யா உட்கார்ந்து எழுதுவதற்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தது. படம் எடுக்க அல்ல, எழுத! படப்பிடிப்பு தேதியோ நடிகர் பட்டியலோ எதுவும் இல்லாத நேரத்தில். எழுதிய பக்கங்களை அவர் கூடவே இருந்து பார்த்தார், கடைசியில் படத்தில் வழக்கறிஞராகவும் நடித்தார். 2014இல் வெனிஸில் அந்தப் படம் இரண்டு பரிசு வாங்கியது. நீங்கள் கேட்கும் குருவும் இந்தக் கதையில் வருகிறார். ரோலக்ஸ் நிறுவனத்தின் குரு-சீடர் திட்டத்தில் சைதன்யாவை மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவரோன் தேர்ந்தெடுத்தார். அவருடைய ‘ரோமா’ படப்பிடிப்பில் கூடவே இருந்து பார்க்க முடிந்தது. சைதன்யாவின் அடுத்த படத்துக்கு குவரோன் நிர்வாகத் தயாரிப்பாளராக நின்றார். 2020இல் அது வெனிஸில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு பெற்றது. வரிசையைக் கவனியுங்கள் தம்பி. குவரோன் வந்தது பிறகு. முதலில் வந்தது நண்பர்.

உங்களுக்கும் அப்படி ஒரு நண்பர் இருக்கிறார். அவரைத்தான் நீங்கள் ஒரே வரியில் பர்ஸாக்கிவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தயாரிப்பாளர்கள் எழுத்தாளனை மதிப்பதில்லை என்று எல்லா மேடையிலும் அழுகிறோம். எழுத்தாளன் தயாரிப்பாளரை என்னவாகப் பார்க்கிறான்? ஏடிஎம்மாக. 138 பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பர் அதில் ஒரு பக்கமாவது வாசித்தாரா என்று கடிதத்தில் இல்லை. வாசித்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ‘மச்சான், ஒரு கதை வச்சிருக்கேன்’ என்று டீக்கடையில் அரை மணி நேரம் சொல்லியிருப்பீர்கள், அவரும் ‘சூப்பர்டா, பண்ணுவோம்’ என்றிருப்பார். சரிதானே?

சொல்வதும் கேட்பதும்தான் இங்கே சாபம். ஒருமுறை ஒரு நிறுவனத்துக்கு பைண்ட் செய்த ஸ்கிரிப்ட்டோடு போனேன். ‘அது இருக்கட்டும் சார், நீங்க வாயால சொல்லுங்க’ என்றார்கள். சொன்னேன். நடுவில் தயாரிப்பாளருக்கு இரண்டு போன் வந்தது, எனக்கு ஒரு காபி வந்தது. சொல்லும்போது கை, கண், குரல் எல்லாம் வேலை செய்கிறது. காகிதத்தில் இல்லாத பின்னணி இசையைக்கூட வாயாலேயே போட்டுவிடலாம். கேட்பவருக்குக் கிடைப்பது கதையல்ல, சொல்கிறவனின் நடிப்பு. அந்த நடிப்பை நம்பிக் கோடிகளை இறக்கிவிட்டு, எடிட்டிங் அறையில் உட்கார்ந்து ‘நீங்க சொன்னப்ப நல்லா இருந்துச்சே’ என்பார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. எஸ்.எஸ்.வாசன் பத்திரிகைக்காரர். அவர் விகடனில் எழுதிய தொடர்கதைதான் 1936இல் வந்த ‘சதி லீலாவதி’, எம்.ஜி.ஆரின் முதல் படம். அவர் ஸ்டுடியோ முதலாளியானபோது ‘ஜெமினி கதை இலாகா’ என்று ஒரு துறையே இருந்தது, டைட்டிலில் அதன் பெயர் வரும். கொத்தமங்கலம் சுப்பு உட்படப் பலர் அதில் இருந்தார்கள். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்த முதலாளிகளின் கெடுபிடி பற்றி வேறு கதைகள் இருக்கின்றன. ஆனால் முதலாளிக்குக் காகிதத்தில் கதை படிக்கத் தெரிந்திருந்தது. ஸ்டுடியோ போய் பைனான்ஸியர் வந்தார். அவர் படித்தது பத்திரத்தை.

எனக்கு ஸ்கிரிப்ட் வாசிக்கச் சொல்லித்தந்தவர் இயக்குநர் இல்லை. ஒரு தயாரிப்பு நிர்வாகி. இப்போது உயிரோடு இல்லை. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலமாக உள்ள பென்சிலோடு வாசிப்பார். பகலுக்குச் சிவப்பு, இரவுக்கு நீலம். ஓரத்தில் ஆள் எண்ணிக்கை. நான் எழுதிய காட்சி ஒன்று: கிராமத்துப் பேருந்து நிறுத்தம், இரவு, மழை, அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசுகிறார்கள். அதில் பென்சிலை நிறுத்தினார். ‘ரெண்டு லாரி தண்ணி, பைப்பு, ஜெனரேட்டர், ஒரே சட்டை நாலு நாலு செட், துண்டு. எல்லாம் பண்ணிடலாம். இந்த மழையில யாரு நனையிறா?’ என்றார். ரெண்டு பேரும்தான் என்றேன். ‘ரெண்டு பேரும் நனைஞ்சா அது வெறும் மழை. ஒருத்தன் கூரைக்குள்ள நிக்கட்டும், ஒருத்தன் வெளிய நிக்கட்டும். உள்ள வாடான்னு எப்பக் கூப்பிடுவான்னு நான் பாத்துக்கிட்டு இருப்பேன்ல?’

அன்று இரவே திருத்தி எழுதினேன். வசனம் பாதியாகக் குறைந்தது. கூரை ஓரத்தில் மட்டும் மழை போதும் என்றானதால் ஒரு லாரியும் மிச்சம். அவர் லாரியைக் கணக்குப் பார்த்ததால்தான் மனிதர்களையும் பார்த்தார் என்பது என் கட்சி. பணத்தை எண்ணுகிற கண்ணும் கதையைப் பார்க்கிற கண்ணும் வேறு வேறு என்று நம்மிடம் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது.

உங்கள் நண்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசி என்றால் காலண்டர் வேலையும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம், வருஷக் கடைசிக்குள் டெலிவரி. தாள் எத்தனை ஜிஎஸ்எம், எத்தனை கலர், வேஸ்டேஜ் எவ்வளவு, பாக்கி வைக்கிற பார்ட்டி எது என்று மெஷினை ஓட்டும் முன்பே கணக்குப் போடுகிறவர். பாதித் தயாரிப்பாளர் தயாராக இருக்கிறார். மீதியை அவர் படிக்க வேண்டும். ஏரியா என்றால் என்ன, எம்.ஜி.க்குக் (மினிமம் கேரண்டி) கொடுப்பதற்கும் டிஸ்ட்ரிபியூஷனில் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம், வட்டிக்கு வாங்கினால் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி யார் யார் வந்து நிற்பார்கள், ஓடிடி உரிமை விற்கும் என்று நம்பி பட்ஜெட் போடலாமா, எழுத்தாளருக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று ஒப்பந்தம் போடுவது எப்படி. ஐரோப்பாவில் இதற்கென்றே ஈவ் என்ற பயிற்சி 1988 முதல் நடக்கிறது. தயாரிப்பாளர்கள் கையில் ஒரு கதையோடு வருகிறார்கள், வருஷத்தில் சில பயிலரங்குகள், எல்லோர் கதையையும் எல்லோரும் வாசிக்கிறார்கள். கல்கத்தாவில் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் தயாரிப்புக்குத் தனிப் படிப்பே இருக்கிறது. நம் ஊரில் தயாரிப்பாளர் எங்கே படிக்கிறார்? முதல் படத்தில் வீட்டை விற்று. இரண்டாவது படம் எடுக்க அவர் இருப்பதில்லை.

அதனால் செய்ய வேண்டியது: நண்பரிடம் கதையைச் சொல்லாதீர்கள். அச்சடித்துக் கொடுங்கள், அச்சகக்காரருக்குக் காகிதம் பிடிக்கும். வாசிக்கும்போது பக்கத்தில் உட்காராதீர்கள், ‘இங்க மியூசிக் வரும்டா’ என்று வாயைத் திறக்காதீர்கள். ஓரத்தில் தோன்றியதை எழுதச் சொல்லுங்கள், எங்கே சலிப்படைந்தார், எங்கே செலவு என்று பயந்தார் என்பது உட்பட. பிறகு இருவரும் உட்கார்ந்து சண்டை போடுங்கள். அவர் பணம் போடாமலே போகலாம். பரவாயில்லை, அப்போதும் ஒரு வாசகர் மிச்சம்.

பட்டறை பற்றித்தானே கேட்டீர்கள்? விண்ணப்பியுங்கள், நண்பர் பெயரையும் தயாரிப்பாளர் என்று போட்டு. ஆங்கிலத்தில் கேட்டால் நல்ல மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுங்கள், கட்டண வகுப்புக்கு வைத்திருந்த காசுதான்.

இணைத்திருந்த கோப்பை நான் திறக்கவில்லை. நண்பர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்புங்கள், அதை வாசிக்கிறேன்.