ஸ்டாம்ப் அடிக்க மறுத்ததற்கு நோட்டீஸ்: என்ன பதில் எழுதுவது?

கேள்வி: சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் லைன் மெயின்டனன்ஸ் பிரிவில் (பறப்புகளுக்கு இடையே விமானத்தைப் பராமரிக்கும் பிரிவு) ஏ.எம்.ஈ.யாக, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வேலை சரியாக முடிந்தது என்று சான்றளிக்கும் பி1 லைசென்ஸ் உண்டு. போன மாதம் நைட் ஷிஃப்டில் ஒரு ஏ320-க்கு மெயின் வீல் மாற்ற வேண்டியிருந்தது. கையில் இருந்த டார்க் ரெஞ்சின் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) காலிபரேஷன், அதாவது அளவுத்திருத்தத் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வேறு ரெஞ்ச் வர இரண்டு மணி நேரம் ஆகும். காலை 4.50-க்கு ஃபிளைட். "கைக்கணக்கு உங்களுக்குத் தெரியாததா சார், இறுக்கிட்டு ஸ்டாம்ப் அடிங்க" என்றார் ஷிஃப்ட் மேனேஜர். வேலை முறைப்படி முடிந்தது என்று சான்றளிப்பதுதான் அந்த ஸ்டாம்ப். மறுத்துவிட்டேன். விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். இப்போது கீழ்ப்படியாமை என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ். ஏழு நாளில் பதில் தர வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் முன்பு இதே மாதிரி ஓர் அவசரத்தில், வீலைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டை இரண்டு படியாக இறுக்க வேண்டியதை ஒரே தடவை இறுக்கிவிட்டு, இரண்டு படியும் முடிந்ததாக டாஸ்க் கார்டில் (வேலைப் படிகளைப் பதியும் தாள்) கையெழுத்துப் போட்டேன். அது வெளியே வந்தால் லைசென்ஸ் போய்விடுமா?

பதில்: முதலில் நோட்டீஸ். அதில் நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள்.

மேலதிகாரி சொன்னதைச் செய்யவில்லை என்பது மட்டும் கீழ்ப்படியாமை ஆகாது. சொன்னது சட்டப்படியான, நியாயமான உத்தரவாக இருக்க வேண்டும். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 145 என்ற பராமரிப்பு விதித்தொகுப்பில், 145.ஏ.40 கருவிகள் முறைப்படி காலிபரேட் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 145.ஏ.50-இன்படி, வேலை முழுவதும் விதித்த முறையில் முடிந்தது என்று சரிபார்த்த பிறகே விமானத்தைப் பறக்க விடுவித்துக் கையெழுத்திடலாம். தேதி முடிந்த ரெஞ்சையோ கைக்கணக்கையோ வைத்து அந்தக் கையெழுத்தைப் போடச் சொல்லும் அதிகாரம் உங்கள் மேனேஜருக்கு இல்லை, அவருக்கு மேலே இருப்பவருக்கும் இல்லை.

கைக்கணக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1990 ஜூனில் பிரிட்டனில் பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி, 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி தரையிறக்கினார். கேப்டன் பிழைத்தார். அந்தக் கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாற்றியவர் அனுபவசாலி, ஷிஃப்ட் மேனேஜரே. ஆள் பற்றாக்குறையான இரவில் தானே வேலையில் இறங்கினார். பாகங்களின் கேட்டலாக்கைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணளவிலேயே புதிய போல்ட்டுகளைத் தேர்ந்தார். 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சிறியவை. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம்தான் கண்ணாடியைப் பிடுங்கியது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், வேலை காலைக்குள் முடிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நடந்தது. உங்கள் மேனேஜரும் அப்படித்தான் கேட்டிருப்பார். அதனால்தான் உங்கள் மறுப்பு சரி என்கிறேன்.

பதிலில் கோபம் வேண்டாம், யாரையும் திட்ட வேண்டாம். எத்தனை மணிக்கு என்ன கேட்கப்பட்டது, ரெஞ்சின் எண், ஸ்டிக்கரில் இருந்த தேதி, எந்த விதி, மாற்று ரெஞ்சுக்கு நீங்கள் எப்போது கேட்டீர்கள், எப்போது வந்தது என்று மட்டும் எழுதுங்கள். கூடவே அன்றைய ஷிஃப்ட் லாக், டூல் ஸ்டோர் ரெஜிஸ்டர், டெக் லாக் (விமானத்தின் கோளாறு, பழுதுபார்ப்புப் பதிவேடு) பக்கம், டாஸ்க் கார்டு இவற்றின் நகல் வேண்டும் என்று அந்தப் பதிலிலேயே கேளுங்கள். ஆவணத்தைக் காட்டாமல் உள்விசாரணை நடத்தினால் அது பின்னால் அவர்களுக்கே பலவீனம். நீங்களாகப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நல்ல கேஸ் அதிலேயே கெட்டுப்போகும். ராஜினாமா கடிதம் கேட்டால் கொடுக்க வேண்டாம். வேலைநீக்கம் வரை போனால் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா என்பது உங்கள் பதவிப் பெயரைவிட நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையைப் பொறுத்தது. உங்கள் நியமன ஆணையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சரி, இரண்டு மாதம் முன்பு நடந்தது. இதில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

"மேனேஜர் சொன்னார், போட்டேன்" என்பது சட்டத்தில் தற்காப்பு ஆகாது. சான்றளித்தவர் நீங்கள், லைசென்ஸ் உங்களுடையது. 1937 ஆம் ஆண்டு விமான விதிகளின் 19-ஆம் விதியில், உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் இருக்கிறது. உயிரிழப்பு ஏற்பட்டிருந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. அது நடக்கவில்லை. ஆனால் அந்த வீல் இன்னும் அதே விமானத்தில் இருக்கலாம். ஆக்சில் நட்டின் இறுக்கம் தவறினால் பேரிங் கெடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே காலதாமதம் இல்லாமல் குவாலிட்டி, சேஃப்டி பிரிவுகளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: விமானப் பதிவெண், தேதி, எந்த வீல், விடுபட்ட படி. வழக்கறிஞருக்குக் காத்திருக்கிறேன் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீல் கழற்றப்பட்டதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. எழுதினால் தண்டனையே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அரசியலமைப்பின் 20(3) தரும் பாதுகாப்பு, குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தி வாங்கும் வாக்குமூலத்துக்குத்தான். தானாகச் சொன்னதற்கு இல்லை. ஆனால் தானே முன்வந்து சொன்னவரையும், தணிக்கையில் பிடிபட்டவரையும் எந்த விசாரணை அதிகாரியும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பாதுகாப்புத் தகவலைத் தருபவரைக் காக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐ.சி.ஏ.ஓ.) பாதுகாப்பு மேலாண்மை பற்றிய 19-ஆம் இணைப்பின் நோக்கமும்கூட.

பழைய கார்டைத் தொடாதீர்கள். பின்தேதியிட்டு ஒரு வரி சேர்த்தாலும், இப்போது தவறாக இருப்பது நாளை ஆவண மோசடியாகிவிடும். இரண்டு கடிதங்களையும் தனித்தனியாகவே அனுப்புங்கள். நோட்டீஸுக்கான பதிலில் பழைய கதையைக் கலக்க வேண்டாம். வீல் பற்றிய கடிதம் இன்றே போகட்டும். நோட்டீஸுக்கு ஏழு நாள் இருக்கிறது.