மைக்ரோவேவ் பக்கத்தில் கர்ப்பிணி நிற்கலாமா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். வேலைக்குப் போவதால் காலையில் சமைத்ததை இரவில் மைக்ரோவேவ் ஓவனில் சூடுபண்ணிச் சாப்பிடுகிறேன். "அதிலிருந்து கதிர்வீச்சு வரும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்கிறார் மாமியார். சூடுபண்ணிய சாப்பாட்டிலும் கதிர்வீச்சு தங்குமா? ஓவன் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது.

பதில்: சாப்பாட்டில் எதுவும் தங்காது. ஓவன் நின்றதுமே அலையும் நின்றுவிடும். சாம்பாரில் மிஞ்சுவது சூடு மட்டும்தான். தைரியமாகச் சாப்பிடுங்கள்.

மாமியார் எக்ஸ்ரேயை மனதில் வைத்துப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். எக்ஸ்ரேக்கு மரபணுவைச் சேதப்படுத்தும் பலம் உண்டு. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு அவசியமில்லாமல் எடுப்பதில்லை. வீட்டு ஓவனில் இருப்பது 2450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலை. அதற்கு அந்தப் பலம் கிடையாது. நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சூடு அளவு மீறி உடம்பில் ஏறினால் கெடுதல்தான், மறுக்கவில்லை. கண்ணின் லென்சுக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் ஏறிய சூடு எளிதில் தணியாது. மிக அதிகமான நுண்ணலை பட்டால் கண்புரை வரலாம். ஆனால் வீட்டு ஓவனில் கசிவது அந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கசிவுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஓவனிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட். அரை மீட்டர் தள்ளி நின்றால் அதிலும் சுமார் நூறில் ஒரு பங்குதான் உங்கள் மேல் படும். வயிற்றுப் பிள்ளையைச் சூடாக்க இது போதவே போதாது. காய்ச்சல் வந்தால் உடம்பு அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சூடாகும். அதைத்தான் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நுண்ணலையும் அடங்கிய ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. அது முக்கியமாகச் செல்போனைத் தலையோடு ஒட்டிவைத்துப் பேசுவது பற்றிய ஆய்வுகளை வைத்து எடுத்த முடிவு. அந்த ஆதாரமும் குறைவானது என்று அவர்களே சொன்னார்கள்.

சரி, பத்து வருட ஓவன். வயதைவிடக் கதவுதான் முக்கியம். கண்ணாடிக்குள் தெரிகிற உலோக வலையின் ஓட்டைகள் ஓரிரு மில்லிமீட்டர். அலையின் நீளமோ 12 செ.மீ. அதனால்தான் வெளியே வர முடிவதில்லை. வலை கிழிந்திருந்தாலோ, கீல் தளர்ந்து கதவு கோணலாக மூடினாலோ, கதவைத் திறந்த பிறகும் ஓடினாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள். விளிம்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அவ்வப்போது துடையுங்கள். ரிப்பேருக்கு வீட்டில் யாரும் மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

எனக்குள்ள கவலையெல்லாம் சூட்டுக்காயம் பற்றித்தான். வழவழப்பான கப்பில் வெறும் தண்ணீரை வைத்தால், ஒரு குமிழிகூட வராமலே கொதிநிலையைத் தாண்டிவிடும். எடுத்துக் காபித்தூளைப் போட்டதும் குபீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும். அவித்த முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஹோட்டல் பார்சல் டப்பாவை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், குழந்தை பிறந்தபின் எடுத்துவைத்த பாலை இதில் சூடுபண்ணவே வேண்டாம். பாட்டில் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், நடுவில் மட்டும் வாய் பொத்துப்போகும் சூடு இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி, மெதுவாகச் சுழற்றிக் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.