ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்தில் 'வேலை முடிந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு எங்கள் வாடிக்கையாளர்களிடம் வேலை செய்யக் கூடாது' என்று இருக்கிறது. இது சட்டப்படி செல்லாது என்கிறார்கள், கையெழுத்திடலாமா?

உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்ட தொழில் எதையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை, எந்த அளவுக்குத் தடுக்கிறதோ அந்த அளவுக்குச் செல்லுபடியாகாது என்றுதான் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவு கூறுகிறது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. கால அளவும் எல்லையும் நியாயமாக இருந்தால் நீதிமன்றம் அத்தகைய தடையை ஏற்கும். எனவே எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருப்பதை முதலில் பாருங்கள்.

ஆனால் 'எப்படியும் செல்லாது' என்ற அதே நம்பிக்கையில்தான் நானும் கையெழுத்திட்டேன். மென்பொருள் கையேடுகள் எழுதித் தருவது என் தொழில். ஓர் இடைத்தரகு நிறுவனத்துடன் ஓராண்டு வேலை செய்து முடித்த அடுத்த மாதம், பழைய நண்பர் ஒருவர் மூலம் வேறொரு நிறுவனம் தானாகவே என்னை அழைத்தது. அந்தப் பெயரை இடைத்தரகர் சொல்லி நான் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். பத்து நாளில் இடைத்தரகரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: நான் ஒப்பந்தத்தை மீறிவிட்டேனாம், தர வேண்டிய இரண்டு பில்களையும் நிறுத்தி வைக்கிறார்களாம்.

அப்போதுதான் முதல் பக்கத்தின் 'வரையறைகள்' பகுதியை ஒழுங்காகப் படித்தேன். 'வாடிக்கையாளர்' என்பது கடந்த 24 மாதங்களில் அவர்கள் சேவை அளித்தவர்களை மட்டுமல்லாமல், விலைப்புள்ளி அனுப்பியவர்களையும் அவர்களுடைய துணை நிறுவனங்களையும் குறிக்கும் என்று அங்கே இருந்தது. யாருக்கெல்லாம் விலைப்புள்ளி அனுப்பினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மீறல் இருப்பதாக அவர்கள் 'கருதினாலே' நிலுவையை நிறுத்தலாம் என்று இன்னொரு பிரிவும் இருந்தது. வழக்குத் தொடுத்தால் செலவு பில் தொகையைத் தாண்டிவிடும் என்றார் வழக்கறிஞர். எட்டு மாதம் கழித்துப் பாதித் தொகைக்கு இசைந்தேன்.

கையெழுத்திட்டுவிட்டு நியாயம் பேசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். இடைத்தரகர் எனக்கு அறிமுகப்படுத்திய வாடிக்கையாளரை நான் இழுத்துக்கொண்டு போயிருந்தால் அது தவறுதான்; ரகசியம் காக்கச் சொல்வதையும் நான் குறை கூறவில்லை. வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும் போடும் தடையை இந்திய நீதிமன்றங்களும் பொதுவாக ஏற்கின்றன. செய்து முடித்து, அவர்களும் ஏற்றுக்கொண்ட வேலைக்குரிய கூலியைப் பிணையாகப் பிடித்து வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே மூன்றைக் கேளுங்கள்: தடை நீங்கள் நேரடியாக வேலை செய்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று பெயர்ப் பட்டியலோடு இருக்கட்டும், காலம் ஆறு மாதத்தைத் தாண்ட வேண்டாம், நிலுவையை நிறுத்தும் பிரிவை நீக்கச் சொல்லுங்கள். அடுத்த நிறுவனத்திடம் நான் இதையே கேட்டேன். முதல் இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் திருத்தித் தந்தார்கள், மூன்றாவதற்கு இணங்கவில்லை. அதனால் மாதக் கடைசி வரை காத்திராமல் வாரந்தோறும் பில் அனுப்புகிறேன். ஒன்று நிலுவையில் நின்றால் அடுத்த வார வேலையைத் தொடங்குவதில்லை.