திரைக்குப் பின்னால் விழுந்த 20: தோழியிடம் சொல்லிவிடலாமா?

கேள்வி: நண்பர்கள் நால்வருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது; எதிரிகளை ஆடுவது என் வேலை. முதல் செஷனிலேயே ஒரு கோப்லின் (குட்டி அரக்கன்) வாளை வீசியது. மற்றவர்கள் பார்க்காதபடி வைத்த திரைக்குப் பின்னால் நான் உருட்டிய 20 முகப் பகடையில் 20 விழுந்தது, அதாவது பலமான அடி. எதிரே நின்றது 8 ஹிட் பாயின்ட் (அடி தாங்கும் அளவு) மட்டுமே உள்ள முதல் லெவல் மந்திரவாதி. அதை ஆடும் தோழி அந்தப் பாத்திரத்துக்குப் பக்கம் பக்கமாக முன்கதை எழுதி வந்திருந்தாள். மனசு வரவில்லை. "9, படல" என்று சொல்லிவிட்டேன். போன வாரம் அவளே, "அன்னைக்கு நிஜமாவே 9 தானா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். ஒத்துக்கொள்ளலாமா? அதே குழுவில் இன்னொருவன், உருட்டிய பகடையை யாரும் பார்ப்பதற்குள் கையில் எடுத்துக்கொண்டு எண்ணை மட்டும் சொல்கிறான். அவனை என்ன செய்வது?

பதில்: ஒத்துக்கொள்ளுங்கள். அடுத்த செஷனுக்கு முன்பே, முதலில் அவளிடம் தனியாக. அவள் கேட்காமல் இருந்திருந்தால் இதை விவாதிக்க இடமிருந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்டபிறகு இல்லை. இனி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் அவள் மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேதான் இருப்பாள். அவள் பாத்திரம் உண்மையிலேயே திறமையாகத் தப்பிக்கும் நாளிலும், "இதுவும் இவன் போட்ட பிச்சையோ" என்ற சந்தேகம் அந்த வெற்றியைக் கெடுத்துவிடும்.

நீங்கள் செய்தது விதிமீறல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இன் டன்ஜன் மாஸ்டர் (டிஎம், ஆட்டத்தை நடத்துபவர்) கையேடே திரைக்குப் பின்னால் முடிவை மாற்ற இடம் கொடுக்கிறது. அடிக்கடி செய்யாதே, வெளியே தெரியவிடாதே என்றும் சேர்த்துச் சொல்கிறது. முதல் பாதியில் எனக்குச் சண்டையில்லை. தெரியவிடாதே என்ற அறிவுரையைத்தான் ஏற்க முடியவில்லை. மாதக்கணக்கில் ஒரே மேசையில் உட்காரும் நண்பர்களிடம் அது நிற்காது. இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் எழுதிய கையேட்டிலும் பகடையை மீறும் அதிகாரம் டிஎம்முக்கு உண்டு. ஆனால் எந்தத் தவறும் செய்யாத பாத்திரம் துரதிர்ஷ்டத்தால் சாகப்போகும்போது அவர் காட்டும் வழி வேறு: மயங்கி விழட்டும், ஒரு கையையோ கண்ணையோ இழக்கட்டும். அங்கே அடி விழுந்தது எல்லோருக்கும் தெரியும். டிஎம் கருணை காட்டியதும் தெரியும்.

இன்னொரு துருவத்தில் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010-இல் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் இருக்கிறது. அதில் ஆட்டத்தை நடத்துபவர் பகடையைத் தொடுவதே இல்லை. விதி எதைக் கேட்கிறதோ, நேர்மை எதைக் கேட்கிறதோ அதைச் சொல் என்று அவருக்கு எழுத்திலேயே கட்டளை இருக்கிறது. நடத்துபவர் பகடையே உருட்டாத ஆட்டத்தில் அவர் எண்ணை மாற்றினாரா என்ற கேள்வி எழாது. இரண்டு வகையும் நல்ல ஆட்டங்கள்தான். எந்த வகையை ஆடுகிறோம் என்பது மேசையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இப்போது அந்தக் கோப்லினுக்கு வருவோம். பலரும் இங்கேதான் பதறிவிடுகிறார்கள், கணக்கு போட்டுப் பார்ப்பதில்லை. கோப்லின் வாளின் சேதம் ஒரு ஆறுமுகப் பகடையும் 2-உம். 20 விழுந்தால் பகடை இரண்டாகும். ஆக மிகக் குறைவு 4, மிக அதிகம் 14. உங்கள் தோழியின் பாத்திரம் அந்த இடத்திலேயே சாக வேண்டுமானால், 8-உம் போன பிறகும் சேதத்தில் இன்னொரு 8 மிச்சம் இருக்க வேண்டும். அதாவது 16. அந்த வாளால் அது முடியவே முடியாது. மிஞ்சிப்போனால் மந்திரவாதி மயங்கி விழுந்திருப்பாள். பிறகு டெத் சேவ், அதாவது உயிர் பிழைப்பதற்கான பகடை: ஒவ்வொரு முறையும் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி, மூன்று வெற்றி கிடைத்தால் உயிர் தப்பும், மூன்று தோல்வி வந்தால் மரணம். யாரும் எட்டிக்கூடப் பார்க்காவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) ஒரு மந்திரம் போட்டாலோ, யாராவது ஓடிப்போய் ஹீலிங் போஷனை (காயம் ஆற்றும் மருந்து) வாயில் ஊற்றினாலோ எழுந்துவிடுவாள். விழுந்தவளை விட்டுவிட்டு கோப்லின் அடுத்த ஆள் மேல் பாய்வதா, கீழே கிடப்பவளைக் குத்துவதா என்பதும் உங்கள் கையில்தான் இருந்தது. அது பொய்யில்லை, கோப்லினை ஆடுவது உங்கள் வேலை.

நண்பர்கள் அவளைச் சுற்றி ஓடிவந்து காப்பாற்றும் ஒரு காட்சி அங்கே காத்திருந்தது. "9" என்று சொன்னதால் அது நடக்காமல் போனது. எண்ணை மாற்றுவதில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான். ஆபத்தைத் துடைக்கும்போது தோழர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையும் சேர்ந்து போகிறது.

ஆகவே உருட்டுவதற்கு முன்பே யோசியுங்கள்: 20 வந்தால் ஏற்பேனா, 1 வந்தால் ஏற்பேனா? இரண்டில் ஒன்றைத் தாங்க முடியாது என்றால் பகடையை எடுக்காதீர்கள். நடக்க வேண்டியதை நேரே சொல்லிவிடுங்கள். துப்பறியும் கதைகளில் இது நன்றாகப் புரியும். தடயம் கிடைத்தால்தான் கதை நகரும் என்ற இடத்தில் பகடை உருட்டச் சொல்லிவிட்டு, தோற்றதும் வேறு வழியாக அதே தடயத்தைத் திணிப்பவர்கள் பலர். துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிமுறை அந்தப் பகடையையே எடுத்துவிட்டது. தகுந்த திறமை உள்ளவன் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும்.

நேர்மை என்றதும் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வில்லன் யார், கதவுக்குப் பின்னால் என்ன என்பவை ரகசியங்கள். அவற்றைக் காப்பதற்குத்தான் உங்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சில சோதனைகளை ஆட்டக்காரருக்குப் பதிலாக ஜிஎம்மே (நடத்துபவர்) மறைவாக உருட்டுவார். யாரும் கோபப்படுவதில்லை, ஏனென்றால் மறைவாக உருட்டப்படும் என்பது விதியிலேயே இருக்கிறது.

இடது பாதை, வலது பாதை எதில் போனாலும் அதே பூதத்தை நிறுத்துவது ஏமாற்றா என்று அடுத்து கேட்பீர்கள். எதுவும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பினார்கள் என்றால், பூதம் எங்கே நின்றாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. ஒற்றனை அனுப்பி, ஒரு மந்திரத்தைச் செலவழித்து, "வலப்பக்கம் ஏதோ இருக்கு, இடப்பக்கம் போவோம்" என்று முடிவெடுத்திருந்தால், பூதத்தைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது அவர்கள் உழைப்பைத் திருடுவது. சண்டை நடுவில் பூதத்தின் ஹிட் பாயின்ட்டை ஏற்றுவதும் இதே கணக்குதான். குறைக்கத் தோன்றினால், அது பயந்து ஓடட்டும், சரணடையட்டும். மாற்றம் எல்லோர் கண்ணிலும் படும்.

தோழியிடம் பேசும்போது நீட்டி முழக்க வேண்டாம். "அன்னைக்கு விழுந்தது 20. உன் கேரக்டர் போயிடுமோன்னு பயந்து மாத்திச் சொன்னேன். இனிமே மாத்த மாட்டேன்" என்றால் போதும். பிறகு நால்வரும் இருக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: சண்டைப் பகடைகளைத் திரைக்கு வெளியே உருட்டவா, அல்லது பாத்திரம் சாகும் நிலை வந்தால் நான் தலையிடுவதை விரும்புகிறீர்களா? சிலர் இரண்டாவதைக் கேட்பார்கள். அதில் தவறே இல்லை. அப்படியானால் தலையிடும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தலையிடுங்கள்.

பகடையைக் கையில் எடுத்துக்கொள்ளும் நண்பனுக்கும் அதே நாளில் வழி பிறக்கும். நீங்கள் திரையை மடித்து வைத்து, மேசை நடுவில் ஒரு தட்டை வைத்து, "எல்லாரும் இதுலதான் உருட்டுறோம், நானும்தான்" என்று தொடங்கினால் அவனைத் தனியாகச் சுட்ட வேண்டியதே இல்லை. எண்களை மட்டும் வைத்து அவன் மேல் முடிவுக்கு வராதீர்கள். 20 முகப் பகடையில் 15-க்குக் குறையாமல் விழ ஒவ்வொரு முறையும் 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து முறை தொடர்ந்து அப்படி விழுவது நானூறில் ஒன்று. அரிதுதான், ஆனால் பல மாதம் ஆடும் மேசையில் ஒருநாள் நடந்துவிடும்.

அவன் தோற்கும்போது மேசையில் என்ன நடக்கிறது என்றும் கவனியுங்கள். "படல, அடுத்தவன்" என்று ஒரு நொடியில் தாண்டிப் போகிறீர்களா? மற்றவர்கள் சிரிக்கிறார்களா? தன் முறைக்காக இருபது நிமிடம் காத்திருந்தவனுக்கு அது கசக்கும், எண்ணை ஏற்றிச் சொல்லத் தோன்றும். தோல்வியிலும் அவனுக்கு ஏதாவது நடக்கட்டும்: வாள் கேடயத்தில் சிக்கட்டும், எதிரி அவன் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளட்டும். தட்டு வைத்த பிறகும் அவன் பகடையை அள்ளினால், ஆட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, நீங்கள் 20-ஐ 9 என்று சொன்ன கதையை முதலில் அவனிடம் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.