வீட்டுக்குள் மிளகாய்: நாற்று நீண்டு சாய்வது ஏன்?

கேள்வி: செடி வளர்த்துப் பழக்கமில்லை. வெளியே இடமும் இல்லாததால் வீட்டுக்குள் சன்னலோரம் ஒரு தட்டில் மிளகாய் விதைத்தேன். நன்றாகவே முளைத்தது. ஆனால் நாற்றுகள் நூல் போல நீண்டு கண்ணாடிப் பக்கமாகச் சாய்கின்றன. சில நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து மடிந்துவிட்டன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன உரம் கொடுக்கலாம்?

பதில்: இப்போது உரமே வேண்டாம். வெளிச்சம் போதாமலும் தண்ணீர் அதிகமாகியும்தான் உங்கள் நாற்றுகள் அவதிப்படுகின்றன. இந்த நிலையில் உரம் போட்டால் வேர் கருகும்.

சன்னலோரம் நமக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் மிளகாய்க்கு அது போதாது. வெளிச்சம் தேடித்தான் தண்டு நீள்கிறது. நாற்றுக்கு மேலே சுமார் 20 செ.மீ. உயரத்தில் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை. தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். இரவில் அணைத்துவிடுங்கள், செடிக்கு இருட்டும் வேண்டும். இலை மட்டத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள். கைக்குச் சூடு தெரிந்தால் விளக்கை உயர்த்த வேண்டும். புது இலைகளுக்கு இடையே தண்டு இன்னும் நீண்டுகொண்டே போனால் சற்று இறக்குங்கள்.

கறுத்து மடிவது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை வகை நுண்ணுயிரிகள் ஈரம் தேங்கிய மண்ணில் பெருகி, இளந்தண்டை அடியிலேயே அரித்துவிடும். விழுந்த நாற்று பிழைக்காது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு மேல்மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். தினமும் ஊற்றும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். நன்றாக நனைந்த தட்டை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், காய்ந்த பிறகும் தூக்கிப் பாருங்கள். அந்த எடை வித்தியாசம் கைக்குப் பழகிவிட்டால் எப்போது ஊற்ற வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடித்தட்டில் தண்ணீர் வைத்து உறிஞ்சவிட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவது நாற்றுக்கு நல்லது. சின்ன மின்விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் மேல்மண் சீக்கிரம் காயும், தண்டும் உறுதியாகும்.

நீண்டுவிட்ட நாற்றுகளையும் காப்பாற்றலாம். முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காமல், அதன் பிறகு வரும் உண்மை இலைகள் நான்கு முதல் ஆறு வந்ததும் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். அப்போது விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை தண்டைப் புதைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். தக்காளி போல மிளகாய்த் தண்டு எளிதில் வேர் விடாது.

கலவைக்கு தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் குருணை) ஒரு பங்கு போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசிவிட்டுச் சேருங்கள். அடியில் துளை இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வேர் தொட்டியை நிறைத்த பிறகு 10 அல்லது 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். எடுத்தவுடனே பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலில் கொண்டுபோய் விடும்.

செடி ஊன்றிப் புது இலை விட்ட பிறகு திரவ உரத்தை அதன் பாட்டிலில் சொன்ன அளவில் பாதி கொடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை செழிக்கும், பூ குறையும். வீட்டுக்குள் காற்றசைவு இல்லாததால், பூத்ததும் காம்பை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து அதே பூவில் காய் பிடிக்கும். அறை 35 டிகிரிக்கு மேல் சூடானால் பூ கொட்டும்.

அப்புறம், வாரம் ஒருமுறையாவது இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வளர்ந்த செடியானால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து விளக்கை அணைத்த பிறகு தெளியுங்கள். நாற்றுக்கு இது வேண்டாம்.

தட்டில் பாதிக்கு மேல் மடிந்திருந்தால் தயங்காமல் புதுக் கலவையில் மறுபடி விதையுங்கள். 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். முதல் முளை தலைகாட்டிய அன்றே விளக்கைப் போட்டுவிடுங்கள்.