எட்டு மாதமாக வேலை இல்லை, ஊருக்குத் திரும்பவா என்று கேட்டவருக்கு

நண்பரே, முப்பது நேர்காணல் போயும் அமையவில்லை, அறைத்தோழருக்கு முதல் வாரமே வேலை, ‘எனக்கு ராசியே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதிர்ஷ்டம் உண்டுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அது வரும் வழியைப் பாருங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் சொன்னவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது பார்ப்பவர்கள்.

எனக்கும் அப்படித்தான். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை இரவில் துவைத்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்த நாட்கள் அவை. மாடிப்படியில் தலையசைப்போடு நின்ற பழக்கம், எதிர் அறைக்காரர். அவர்தான் “எங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலி” என்றார்.

கையிருப்பு மூன்று மாத வாடகைக்குத் தாங்குமென்றால் இருங்கள். பழைய வகுப்புத் தோழர்கள், முன்பு உடன் வேலை பார்த்தவர்கள் என்று பத்துப் பேருக்கு இன்றே எழுதுங்கள்.